இருபதுக்குப் பத்து

மகிழ்ச்சியாக ஆட வேண்டும் என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கும் ஒரு விளையாட்டில் நான் பல வருடங்களாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். பெயர் அல்டிமேட். நாய்க்கு வீசுவார்களே, அந்த வட்டத் தட்டை வைத்துக்கொண்டு அணிக்கு ஏழு பேராக ஆடுவது. "பையன் பெரிய கம்பெனியில இருக்கான். சனி, ஞாயிறு ஆனா நாய்த் தட்டு வீசப் போயிடுவான்" என்றுதான் அம்மா உறவினர்களிடம் சொல்லிவருகிறார். எனக்கு இன்னும் வரன் அமையாததற்கு அவர் வைத்திருக்கும் காரணங்களில் ஜாதகத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

விதிப்புத்தகம் தொடக்கத்திலேயே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. தீவிரமாகப் போட்டி போடுங்கள். ஆனால் ஒருவர் மேல் ஒருவருக்கு உள்ள மரியாதை, ஒப்புக்கொண்ட விதிகள், உடம்பின் பாதுகாப்பு, ஆடுகிற மகிழ்ச்சி, இவற்றில் எதையும் அதற்காகக் காவு கொடுத்துவிடாதீர்கள். வீட்டில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. 14-க்கு 14 என்று ஆட்டம் நிற்கும்போது ஆறடி உயரப் பையன் ஒருவன் உங்கள் முதுகில் ஏறித் தட்டைப் பறித்துக்கொண்டு போகிறான் பாருங்கள், அப்போது அந்தப் பக்கத்தை மறுபடி படித்துப் பார்க்க வேண்டும்.

ஆட்டம் எளிது. தட்டைக் கையில் வைத்திருப்பவர் ஓடக் கூடாது. பத்து வினாடிக்குள் வீசிவிட வேண்டும். கீழே விழுந்தாலோ எதிரணி தட்டிவிட்டாலோ அது அவர்களுக்கு. எதிர்முனைப் பகுதிக்குள் நம் ஆள் பிடித்தால் ஒரு புள்ளி, முதலில் பதினைந்தைத் தொடுகிறவர்களுக்கு வெற்றி. தட்டின் எடை 175 கிராம். அதைத் துரத்தியதில் எங்கள் அணியில் பாதிப் பேருக்கு முழங்கால் போயிருக்கிறது. சம்பளம் கிடையாது. நுழைவுக் கட்டணம், ரயில் டிக்கெட், சட்டை, பிசியோதெரபி எல்லாம் சொந்தப் பணம். அலுவலகத்தில் சேர்த்து வைத்த விடுப்பும் இதிலேயே கரைகிறது.

இத்தனைக்கும் இது கேலிக்குப் பிறந்த ஆட்டம். 1968-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், மேப்பிள்வுட் என்ற ஊரின் கொலம்பியா உயர்நிலைப் பள்ளி மாணவர் மன்றத்தில் ஜோயல் சில்வர் என்ற பையன் எழுந்து, பள்ளியில் ஃபிரிஸ்பீ ஆட்டத்தையும் சேர்க்க வேண்டும் என்று விளையாட்டாக ஒரு தீர்மானம் கொண்டுவந்தான். நிறைவேறிவிட்டது. பின்னாளில் 'டை ஹார்ட்', 'மேட்ரிக்ஸ்' படங்களைத் தயாரித்த அதே சில்வர்தான். கார்களை வெடிக்க வைக்கப் போவதற்கு முன்னால் கார் நிறுத்துமிடத்தில் தட்டு வீசிக்கொண்டிருந்திருக்கிறார். நான்கே வருடத்தில், 1972 நவம்பர் 6 அன்று, ரட்கர்ஸ் பல்கலைக்கழகமும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமும் இதில் மோதி, 29-27 என்று ரட்கர்ஸ் வென்றது. 1869-இல் அதே தேதியில் அதே இரு அணிகள்தான் அமெரிக்காவின் முதல் கல்லூரிக் கால்பந்து ஆட்டத்தையும் ஆடியிருந்தன. கேலிக்குத் தொடங்கியவர்கள் அதற்குள் நாள் பார்த்து ஆடும் நிலைக்கு வந்துவிட்டார்கள். விளையாட்டு வினையாகும் என்று நம் பாட்டிமார் சொன்னதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நடுவர் கிடையாது. உலகச் சாம்பியன் போட்டியிலும் ஆடுகிறவர்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இடி வாங்கியவர் 'ஃபவுல்' என்று கத்துவார், ஆட்டம் நிற்கும். இடித்தவர் ஒப்புக்கொள்ளலாம், அல்லது 'கன்டெஸ்ட்' என்று மறுக்கலாம். மறுத்தால் தட்டு வீசியவரிடமே திரும்பிப் போய், நடந்ததெல்லாம் நடக்காததாகிவிடும். வெளிநாட்டுக்காரர்கள் இதைப் பெரிய தத்துவமாகப் பேசுகிறார்கள். தெருக் கிரிக்கெட்டில் வளர்ந்த நமக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. அங்கேயும் நடுவர் இல்லை. பேட்டுக்குச் சொந்தக்காரன் இருந்தான். முதல் பந்தில் அவன் அவுட் ஆனால் அது 'ட்ரையல் பால்'. இந்தப் பள்ளியில் தேறி வந்தவர்களிடம் போய், மோதலை மரியாதையாகப் பேசிச் சட்டென்று தீர்த்துக்கொள்ளுங்கள் என்றால் எப்படி? முதலில் இருவர் பேசுவார்கள். பிறகு அறுபது மீட்டர் தள்ளி நின்றவர், "நான் பார்த்தேன்" என்று வந்து சேருவார். அவர் பார்த்திருக்கவே முடியாது. ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

சென்னையில் இந்த ஆட்டம் கடற்கரையில்தான் வேர் பிடித்தது. மணலில் அணிக்கு ஐந்து பேர், வெறுங்கால். மீனவர் குப்பத்துப் பையன்களும் ஐ.டி.க்காரர்களும் கல்லூரிப் பெண்களும் ஒரே அணியில் ஆடுவதை வேறு எந்த விளையாட்டில் நான் பார்த்தேன் என்று யோசித்தால் பதில் கிடைப்பதில்லை. சென்னை அணி ஒன்றைப் பற்றிய '175 கிராம்ஸ்' என்ற குறும்படம் 2015-இல் சன்டான்ஸ் திரைப்பட விழா வரைக்கும் போனது. அந்தப் படத்தை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். "பசங்க நல்லாத்தான் ஓடுறாங்க. நீ எங்க?" என்றார்.

எங்கள் கேப்டன் பல் மருத்துவர். "வலிக்காது" என்று நோயாளிகளிடம் சொல்லும் அதே குரலில் எங்களிடம் "இந்தத் தடவை ஜாலியா ஆடப் போறோம், அவ்வளவுதான்" என்பார். அன்று இரவே வாட்சப்பில் செய்தி வரும். காலை 5.15-க்கு மணலில் இருக்க வேண்டும். 5.16-க்கு வந்தால் கூடுதல் ஓட்டம். போட்டி வாரத்தில் பரோட்டா கூடாது. செய்தியின் கடைசியில் ஒரு சிரிக்கும் பொம்மை இருக்கும். ஜாலி அதற்குள் அடங்கிவிடும்.

கேப்டனாவது பரவாயில்லை. "நான் வெற்றிக்கெல்லாம் ஆடுறதில்ல மச்சி, சும்மா என்ஜாய் பண்ணத்தான்" என்று சொல்லிக்கொண்டு அணிக்கு அணி ஒருவர் இருக்கிறார், அவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து வரவழைத்த ஷூ, ஐந்து வண்ணத்தில் ஐந்து டிஸ்க், காலுக்கு ஒரு பட்டை, கைக்கு ஒரு பட்டை எல்லாம் அவரிடம்தான் இருக்கும். தட்டைத் தவறவிட்டால் மண்ணைக் கிளறிப் பார்ப்பார். பத்து வினாடியை எதிராளிக்கு எண்ணிச் சொல்லும்போது ஒன்று, இரண்டு, மூன்று வரை அவர் கைக்கடிகாரம் சரியாக ஓடும்; ஏழிலிருந்து பத்துக்கு மெட்ரோவில் போய்விடுவார். நாங்கள் அவரை என்ஜாய் என்றே கூப்பிடுகிறோம்.

மகிழ்ச்சியையும் மரியாதையையும் ஆடுகிறவர்களின் மனசாட்சிக்கே விட்டிருக்கலாம். விடவில்லை, மதிப்பெண் போடுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு அணியும் எதிரணிக்கு ஐந்து தலைப்புகளில் மார்க் போட வேண்டும்: விதிகள் தெரிந்திருந்ததா, உடம்பில் மோதினார்களா, நியாயமாக நடந்தார்களா, நல்ல மனநிலையில் சுயக்கட்டுப்பாட்டோடு இருந்தார்களா, ஒழுங்காகப் பேசினார்களா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. 2 என்றால் நன்று. ஆக, இருபதுக்குப் பத்து வாங்கிய அணி நல்ல அணி. அதிகம் வாங்கும் அணிக்குப் போட்டியின் முடிவில் தனிப் பரிசும் உண்டு.

இருபதுக்குப் பத்து நல்ல மார்க் என்பதைத் தமிழ்நாட்டில் யாருக்காவது புரிய வைத்திருக்கிறீர்களா? பிளஸ் டூ கணக்கில் 199 எடுத்து, அந்த ஒரு மார்க்குக்காக வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியாமல் வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். முதல் முறை பத்து வந்தபோது அணியில் துக்கம் விசாரிக்கும் சூழல். "பாதியைக் குறைச்சிருக்காங்க, நாம அப்படி என்ன பண்ணிட்டோம்?" என்றான் ஒருவன். மறுகூட்டலுக்கு எங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்று இன்னொருவன் நிஜமாகவே கேட்டான்.

மார்க் போடுவதற்கு முன்னால் வட்டச் சடங்கு. இரு அணியும் ஒருவர் மாற்றி ஒருவராகத் தோளில் கை போட்டு நிற்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு முன் உங்கள் விலாவில் முழங்கையை வைத்தவர் இப்போது உங்கள் கக்கத்துக்குள் இருப்பார். இரு தரப்பும் பாராட்டிப் பேசும். "உங்க எனர்ஜி சூப்பர்" என்றால் நிறைய இடித்தீர்கள் என்று பொருள் கொள்க. பிறகு எதிரணியில் நன்றாக நடந்துகொண்ட ஒருவருக்கு ஒரு சிறு பரிசு. நாங்கள் கோவில்பட்டி கடலை மிட்டாய் கொடுக்கிறோம். என்ஜாய் அதைக் கொடுக்கும் விதத்தைப் பார்த்தால் வாங்குகிறவருக்கே தின்னப் பயமாக இருக்கும்.

அமெரிக்காவில் 2012-இல் காசு கொடுத்து ஆட வைக்கும் லீக் ஒன்றைத் தொடங்கினார்கள். தொடங்கியதுமே அவர்கள் செய்த காரியம், நடுவர்களை மைதானத்தில் இறக்கியது. எனக்கு அதில் ஆச்சரியமில்லை. சம்பளம் வாங்குகிறவனுக்கு இடித்துவிட்டுப் பேசாமல் போகும் வசதி வேண்டும். சொந்தக் காசில் ஆடுகிறவன்தான் நின்று, எதிராளி முகத்தைப் பார்த்து, "ஆமா, இடிச்சேன்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லும்போது ஆளின் முகம் போகிற போக்கைப் பார்க்கவே டிக்கெட் போடலாம்.

இவ்வளவு கேலி பேசினாலும், ஜாலியா, ஜெயிப்பா என்று பட்டிமன்றம் வைத்தால் நான் ஜெயிப்புப் பக்கம்தான் பேசுவேன். 15-2 என்று ஜெயித்த ஆட்டங்களில் எனக்குக் கொட்டாவிதான் வந்திருக்கிறது. யாரும் புள்ளி கணக்குப் பார்க்காமல் சிரித்துக்கொண்டே வீசும் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில், அரை மணி கழிந்ததும் எல்லோரும் சுண்டல்காரரைத் தேடத் தொடங்குகிறோம். உயிரைக் கொடுத்து ஓடி, எதிராளியும் அப்படியே ஓடி வந்து, ஒரு புள்ளியில் ஆட்டம் தொங்கும்போது வரும் சுகம் வேறெங்கும் இல்லை. அப்போது கடல் காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்பது தோலுக்கே தெரியும்.

ஆனால் அதே கடைசிப் புள்ளியில்தான் அசிங்கமும் வெளிவருகிறது. எங்களுடையது ஆண், பெண் கலந்த அணி. 5-5 வரைக்கும் தட்டு எல்லோர் கைக்கும் போகும், "அக்கா, சூப்பர்!" என்று கை தட்டுவோம். 13-13 ஆனதும் பையன்களுக்கு அக்காக்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடுவார்கள். காலியாக நிற்கும் பெண்ணைத் தாண்டி, இரண்டு பேர் மறித்து நிற்கும் தன் நண்பனுக்கு வீசுவான் ஒரு மாவீரன். அப்படி ஒன்று பறிபோய் அரையிறுதியில் தோற்றபோது கேப்டன் அவனைக் கூப்பிட்டார்.

"தம்பி, நான் எங்க நின்னேன்?"

"கவனிக்கலக்கா."

"கபாலி கோயில் தேர் மாதிரி நடு வீதியில நின்னேன்டா. தேரைக் கவனிக்காதவன் நீ ஒருத்தன்தான்."

யாரும் சிரிக்கவில்லை. நான் அறிந்தவரை, எங்கள் அணியை விட்டுப் போன பெண்கள் யாரும் தோற்றதால் போகவில்லை. ஜெயிக்கப் போகும் நேரத்தில் தட்டு வராததால் போனார்கள். வெளியே உட்காரவைக்கப்பட்ட பையன்களும் அப்படித்தான். இருபது பேர் காசு கட்டி வந்த அணியில், நெருக்கடியில் அதே ஏழு பேர் திரும்பத் திரும்ப இறங்கினால், மிச்சம் பதின்மூன்று பேர் தண்ணீர் பாட்டிலுக்குக் காவல் இருக்கத்தான் ரயிலேறி வந்தார்கள் என்றாகிறது. அவர்களிடம் போய் மகிழ்ச்சியாக இருங்கள் என்று விதிப்புத்தகத்தை நீட்ட முடியுமா? கேப்டன் அதற்கப்புறம் ஒரு வழி செய்தார். கடைசிப் புள்ளிக்கு யார் இறங்குவது என்பதை ஆட்டத்துக்கு முன்பே எழுதி வைத்துவிடுவது. அதனால் இரண்டு ஆட்டம் தோற்றோம். பெண்கள் யாரும் போகவில்லை.

சென்ற மாதம் என்ஜாய் ஒரு ஆராய்ச்சியோடு வந்தார். எங்களுடைய பழைய மார்க்குகளை எல்லாம் எக்செல்லில் ஏற்றியிருந்தார். நாங்கள் படுதோல்வி அடைந்த ஆட்டங்களில் எதிரணி பன்னிரண்டு, பதின்மூன்று என்று வாரி வழங்கியிருக்கிறது. ஒரு புள்ளியில் ஜெயித்த ஆட்டங்களில் எட்டு. "நம்மள அடிச்சவன் நமக்கு மார்க்கை அள்ளிப் போடுறான், நாம அடிச்சவன் கிள்ளிப் போடுறான். ஜெயிச்சு, பன்னெண்டும் வாங்கணும். அதான் டார்கெட்" என்றார். வெற்றிக்காக ஆடாத மனிதரின் கண்கள் அப்படி ஜொலித்து நான் பார்த்ததில்லை.

கேப்டனுக்கும் யோசனை பிடித்துவிட்டது. முதல் தலைப்பே விதிகளை அறிந்திருப்பதுதானே? புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு விதிப்புத்தகத்தில் தேர்வு. எல்லோரும் எழுத வேண்டும். தவறுகிறவர்கள் மறுநாள் மணலில் ஐந்து சுற்று. கடைசியில் வழக்கமான சிரிக்கும் பொம்மை. குழுவில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு என்ஜாயிடமிருந்து ஒரு கேள்வி வந்தது.

"நெகட்டிவ் மார்க் உண்டா?"