சபையையும் கொஞ்சம் பாட விடுலே!

ஏலே தம்பி, வர்ற ஞாயித்துக்கிழம கோயில்ல ஆராதன நடத்தப் போறது நீதானாம்லா? சந்தோசம். தெனமும் ராத்திரி ஒத்திகையாம். டிரம்ஸ் வந்துட்டு, ரெண்டு கிடாரு வந்துட்டு, மைக்கு மட்டும் ஆறாம். எல்லாம் சரிதான். அன்னைக்கு என்ன வேதபாடம்லே? முழிக்காத. அத இன்னும் பாக்கலதான?

பாடத்தப் பாக்காம பாட்ட எடுத்தா என்ன ஆவும்? ஐயர் கெட்ட குமாரனப் பத்தி உருகிப் பிரசங்கம் பண்ணுவாரு. முடிஞ்ச கையோட நீ யுத்தப் பாட்டு ஒண்ண முழக்குவ. பய வீட்டுக்குத் திரும்பி வந்தானா, அப்பன் மேல படையெடுத்து வந்தானான்னு எங்களுக்கே சந்தேகம் வந்துரும்.

நம்மூரு அசனத்துக்கு என்னா கணக்குப் பாக்குதோம்! எத்தன மூட்ட அரிசி, எந்தப் பந்திக்கு யாரு பரிமாறணும், தவசுப்பிள்ளைட்ட எத்தன தடவ பேச்சு! சோத்துக்கு இருக்குத அக்கறையில கால்வாசி ஜெபத்துக்கு இருக்கக் கூடாதாலே? கேட்டா, "ஆவியானவர் நடத்துவாரு தாத்தா"ங்க. நடத்துவாருலே, யாரு இல்லன்னா? புதன்கிழமையும் நடத்துவாருல்லா? ஞாயித்துக்கிழம காலைல எட்டரைக்குத்தான் வரணும்னு இருக்க அவரு என்ன டவுன் பஸ்ஸா?

புதன்கிழம ஒக்காரு. பழைய ஏற்பாட்டுப் பாடம், நிருபம், சுவிசேசம் எல்லாத்தையும் ஒருக்க வாசி. பெறவு பாட்டத் தேடு. சேகரத்துல யாரு வீட்ல துட்டி, எவன் ஆஸ்பத்திரில கெடக்கான்னு உபதேசியாரக் கேளு. அது தெரியாம எவனுக்காகலே ஜெபம் பண்ணுவ?

அடுத்தது சுருதி. ஒந்தொண்ட எளந்தொண்ட, எம்புட்டு மேலயும் ஏறும். கடைசி பெஞ்சுல இருக்காளே சுருக்குப்பையோட ஒரு கெழவி, அவ தொண்ட ஏறுமா? பல்லவியில கூட வந்தா. அனுபல்லவியில மூச்சு வாங்குனா. சரணத்துல வாயப் பொத்திக்கிட்டா. ஒடனே நீ மைக்கப் பிடிச்சிக்கிட்டு, "சபையில உற்சாகம் பத்தல, சத்தமாப் பாடுங்க"ங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! அந்தக் கீபோர்டுல டிரான்ஸ்போஸ்னு ஒரு பட்டன் இருக்குல்லா? ஒண்ணர கட்ட எறக்கிப் பாரு. உற்சாகம் தன்னால வரும்.

பெருசு பழசுக்குக் கொடி பிடிக்குன்னு நெனச்சிராத. பாளையங்கோட்டையில பொறந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) என்ன செஞ்சாரு? குற்றாலத்துக் குறவஞ்சி ஊரறிஞ்சது. அதே நடையில 'பெத்லகேம் குறவஞ்சி'ன்னு எழுதுனாரு. குறி சொல்லுத குறத்தியவே வேதத்துக்குள்ள கூட்டியாந்துட்டாருலே! அத விடவா ஒன் டிரம்ஸு புதுசு? ஆனா ஒண்ணு, சனத்துக்குப் பழகுன மெட்டப் பாத்து எடுத்தாரு. நீயும் புதுப்பாட்டுப் போடு. ஒரு ஞாயித்துக்கு ஒண்ணு போதும். நாலையும் புதுசாப் போட்டா நீ பாடுத, நாங்க திரையப் பாக்கோம். இதுக்குக் கோயில் எதுக்கு, டிவி போதாதா?

பாட்டு மட்டுமில்ல, ஆராதன முறைமையும் அப்படித்தான், சனத்த நெனச்சு எழுதுனது. 1947-ல நம்ம தென்னிந்தியத் திருச்சபை உண்டாச்சு. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல்னு ஆளுக்கொரு வழக்கத்தோட வந்து சேந்தவங்க. 1950-ல நற்கருணைக்கு ஒரு முறைமை எழுதுனாங்க பாரு, ஒக்காந்து ரோசிச்சு எழுதுனது. ஐயர் சனத்துக்கு முதுகக் காட்டாம மேசைக்குப் பின்னால, நம்ம மொகத்தப் பாத்து நிக்கட்டும்னாங்க. கேரளத்துச் சிரியன் சபைகள் வழக்கத்துலருந்து சமாதானம் குடுக்குதத எடுத்தாங்க. ஐயர்ட்டருந்து கைக்குக் கை மாறி கடைசி பெஞ்சு வரைக்கும் போவணும். வலது உள்ளங்கையோட வலது உள்ளங்கை, அதுக்கு மேல எடது கைய வச்சு மூடணும். லேசுப்பட்ட காரியமா? வரப்புத் தகராறுல பேச்சு விட்டுப்போனவன் பக்கத்துல நிப்பான். கை குடுக்க மனசு வராம, அந்நேரம் பாத்து ஒருத்தன் பாட்டுப் புஸ்தகத்தப் புரட்டுவான். நீ அங்கன போயி டிரம்ஸ முழக்குனா, தப்பிக்குதவனுக்குத்தான் வசதி.

பாவ அறிக்கைக்கு முன்னாலயும் ஒரு நிமிசம் சும்மா விடு. கீபோர்டுல ஙொய்யின்னு ஒரு சத்தத்த இழுத்துக்கிட்டே இருக்கியே, அது எதுக்கு? நான் செஞ்ச பாவத்துக்குப் பின்னணி இசை வேணும்னு ஒன்ட்ட கேட்டனா? பாட்டுக்குப் பாட்டு நடுவுல குட்டிப் பிரசங்கமும் வேண்டாம். அதுக்குன்னு ஐயர் அங்கியப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்காரு.

எங்க வயசுக்காரங்க மட்டும் யோக்கியமா? அறிவிப்பு வாசிக்க ஏறுனா எறங்க மாட்டோம். பெரிய வெள்ளிக்கிழம சிலுவையில ஆண்டவர் சொன்னது ஏழே வார்த்த. அத வெளக்குததுக்கு ஏழு பேரு ஏறி மூணு மணி நேரம் பேசுதோம். மைக்கு மோகம் வயசு பாக்காதுலே. அதனால யாரு நடத்துனாலும் கேள்வி ஒண்ணுதான். சனத்துக்குச் செய்ய என்ன மிச்சம் வச்ச? பாடவும் நீ, ஜெபிக்கவும் நீ, அல்லேலூயாவும் நீயேன்னா, நாங்க என்னத்துக்கு வெள்ளயுஞ் சொள்ளயுமா வந்து ஒக்காரணும்?

ஆராதன முடிஞ்சி வெளிய வரைல, "இன்னைக்கு நடத்துனது யாரு?"ன்னு நாலு பேரு கேட்டா கோவப்படாத. நல்லா நடத்தியிருக்கன்னு அர்த்தம். அதுக்கு மனசு ஒப்பலன்னா ரெண்டு மாசம் காணிக்கப் பையப் பிடி. அதத் தூக்கிக்கிட்டு வாறவன மட்டும் எவனும் நிமிந்து பாக்க மாட்டான். நல்ல பயிற்சிலே!