மதராசி கேம்ப் தீபாவளி விருந்தில் இரவல் பாத்திரங்கள்: பெயர்வெட்டியல் நோக்கில் ஓர் ஆய்வு

தீபாவளி விருந்தாவது, ஐப்பசித் தேய்பிறைச் சதுர்த்தசியன்று விடியுமுன் எண்ணெய் தேய்த்து, வெந்நீரில் தலைமுழுகி, லேகியம் விழுங்கிப் புதுத்துணி உடுத்தியோர், இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் கொண்டு உற்றாரையும் மற்றாரையும் எதிர்கொள்வது என வரையறுக்கப்படும். கறி உண்ணாதார்க்கும் இவ்வரையறை கறி நீங்கலாகப் பொருந்தும். அவர்களைப் பற்றி விரிக்க இங்கு இடமில்லை. ஆய்வின் நிலம், டில்லியில் ஜங்புராவை ஒட்டிய பாராபுல்லா வாய்க்காலின் கரையில், தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தோர் பல்லாண்டு குடியிருந்த மதராசி கேம்ப். பொழுது வைகறை. வடவர் அமாவாசை மாலையில் இலக்குமி பூசை செய்து விளக்கேற்றுவர். கேம்ப்பின் பெண்களிற் பலர் சுற்றுவட்டாரத்து வீடுகளில் வேலை செய்தவராதலின், அம்மாலைக்குமுன் அவ்வீடுகளைப் பெருக்கித் துடைத்து, பெரிய பாத்திரமெல்லாம் துலக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. எனவே தம் தீபாவளியைக் காலையிலேயே உண்டு முடிக்க வேண்டியதாயிற்று. கிருஷ்ணன் நரகாசுரனை விடியலில் முடித்தது இந்த வேலைநேரத்தை எண்ணித்தான் என்பது ஒருசாரார் துணிபு.

விருந்தினர் மூவகையர்: அழைத்து வந்தோர், அழையாது வந்தோர், அடுத்த வீட்டார். வாழையிலை ஐ.என்.ஏ. சந்தையில் கிடைக்கும், விலை கேட்டபின் எவர்சில்வர் தட்டே போடப்படும். சோன்பப்டிப் பெட்டி என்பது வேலை செய்யும் வீடுகளில் பெறப்பட்டுப் பிறிதொரு வீட்டுக்குக் கொடுக்கப்படுவது. அதை எவரும் திறந்ததாகச் சான்றில்லை.

இனி, இக்கட்டுரை நுதலிய பொருள். ஓர் அறை வீட்டில் இருபது பேருக்குக் குழம்பு வைக்கும் குண்டான் இராது. இருப்பின், அதை வைக்க இடம் இராது. ஆகவே குண்டான் ஒரு வீட்டிலிருந்தும், இட்லிக் கொப்பரை வேறொரு வீட்டிலிருந்தும், பெரிய கரண்டி மூன்றாம் வீட்டிலிருந்தும் இரவல் வர, மாவு நான்காம் வீட்டுக் கிரைண்டரில் அரைபட்டு, விருந்தளிப்பவர் இன்னார் என்று சட்டப்படி நிறுவ இயலாத நிலை உண்டாகிறது. விருந்து முடிந்தபின் எது யாருடையது என்னும் வழக்கைத் தீர்க்கும் ஒரே ஆவணம், பாத்திரத்தின் விளிம்பில் வெட்டப்பட்ட பெயர். பெயர்வெட்டாவது, பாத்திரக் கடையில் உளியால் புள்ளி புள்ளியாகவோ, பிற்காலத்தில் மின்கருவியால் கோடாகவோ பொறிக்கப்படும் எழுத்து. இனிஷியல், பெயர், ஊர், மணநாள் என நான்கு உறுப்புடையது. எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் கடையில் முதல் உறுப்போடு நின்றுவிடும்.

அறிஞர் வாழ்நாளைச் செலவிடும் இடம் இந்த இனிஷியலே. ‘பா.க.’ என்று வெட்டப்பட்ட ஒரு குண்டானை எடுத்துக்கொள்க. இது உடையவர் பெயரின் சுருக்கம் என்பது முதற்சந்து மரபினர் கொள்கை (மளிகைச் சீட்டு, பின்பக்கம்). ‘பாத்திரக் கடை’ என்பதன் சுருக்கமே இது, வெட்டியவன் விளம்பரம் செய்துகொண்டான் என்பர் இரண்டாம் சந்தினர் (மேற்படி சீட்டு, எண்ணெய் படிந்த வரி, கறை நீக்கிய பாடம்). குழாயடி மரபினரோ, ‘பார்த்துக் கழுவவும்’ என விரித்து, இரவல் வாங்கியோர்க்கு உடையவர் இட்ட ஆணை இது என்று நிலைநாட்டினர் (குழாயடிப் பூசல், இரண்டாம் குடம், காலி, பக்கெட்டுக்காரர் மறுப்புரையும் அம்மறுப்பை மறுத்த தவலைக்காரர் உரையும் காண்க). இம்மூன்றையும் ஒருங்கே ஏற்று, ஒன்றையும் முடிவாகக் கூறாத நான்காம் கொள்கைக்கே பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டம் வழங்கப்படுகிறது.

பதிப்பு வரலாறும் சிக்கலானது. ஒவ்வொரு கழுவலும் ஒரு பதிப்பு. தேங்காய்நார்ப் பதிப்பு மூலத்தை ஓரளவு காத்தது. சபீனாப் பதிப்பில் புள்ளிகள் மழுங்கின. கம்பிநார்ப் பதிப்பில் ஊர்ப்பெயரே உதிர்ந்தது. அவ்வாறு உதிர்ந்த எழுத்துகளை நிரப்புங்கால், முல்லைப்பாட்டில் எங்கோ கிடந்த சொல்லை எங்கோ கிடந்த சொல்லோடு கொண்டுகூட்டி நச்சினார்க்கினியர் பொருள் கண்டதுபோல, ஒரு வீட்டுக் கொப்பரையில் எஞ்சிய இனிஷியலை அடுத்த வீட்டுத் தாம்பாளத்தில் எஞ்சிய மணநாளோடு கூட்டி, நடக்காத திருமணம் ஒன்றை நடத்திவைத்த ஆய்வாளர் உளர். பெயரே இல்லாத பாத்திரம் வந்தால், அதிலிருந்த பண்டத்தால் அதற்கு உடையவரைக் கற்பிப்பது மரபு. பெயர் தெரியாத குறுந்தொகைப் புலவர் தம் பாட்டின் தொடராலேயே செம்புலப்பெயனீரார் ஆனார். அவ்வழியே கேம்ப்பிலும் ஒருவர் காரந்தூக்கியார் எனவும், ஒருவர் உப்புமறந்தார் எனவும் வழங்கப்பட்டனர். பின்னவர் இதை இன்றளவும் ஏற்கவில்லை.

திருப்பித் தருதல் பற்றிய விதி ஒன்றே: பாத்திரம் வெறுமையாகத் திரும்பலாகாது. குழம்பு போன கிண்ணத்தில் அதிரசமும், அதிரசம் போன தட்டில் முறுக்கும், முறுக்கு போன டப்பாவில் வேறொன்றும் இல்லாவிடின் ஒரு பிடி சர்க்கரையும் வரும். சர்க்கரை வந்த டப்பாவைச் சர்க்கரைக்குப் பதிலாக எதை இட்டுத் திருப்புவது என்று யோசித்துக்கொண்டே பொங்கல் வரை வைத்திருப்பதும் உண்டு; இதைக் கடன் என்பதா, களவு என்பதா என்னும் வினாவுக்கு, டப்பா யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறும்.

இனி ஓர் ஐயம். கீழடியில் கிடைத்த பானை ஓட்டில் ‘குவிரன் ஆதன்’ என்னும் பெயரைக் கண்டு, அவ்வூரார் எழுத்தறிந்தோர் என அறிஞர் நிறுவினர், தகும். பானையில் பெயர் எழுதிய வழக்கம் ஈராயிரம் ஆண்டு கடந்தும் குண்டானில் தொடர்ந்தது. எனினும், டில்லி உயர் நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து 2025 ஜூன் 1 அன்று வாய்க்கால் தூர்வாரும் பொருட்டு மதராசி கேம்ப் இடிக்கப்படுமுன், அங்கிருந்த ஏறத்தாழ 370 வீடுகளுள் மாற்று வீட்டுக்கு உரியவை எவை என ஆராய்ந்தபோது, ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை முதலியன கேட்கப்பட்டனவேயன்றி, பெயரும் ஊரும் மணநாளும் தாங்கிய குண்டான் கேட்கப்படவில்லை. 2015 ஆம் ஆண்டுக் கொள்கைப்படி 2015 ஜனவரி 1க்கு முன்பே குடிசை இருந்ததற்குச் சான்று வேண்டும். 1980களின் மணநாள் வெட்டப்பட்ட அண்டாவுக்கு அப்பட்டியலில் இடமில்லை. மண்ணுக்கடியில் கிடைத்தால் சான்று, பரணில் இருந்தால் தட்டுமுட்டுச் சாமான் என்னும் இந்நெறியின் தோற்றம் ஆய்வுக்குரியது. அதே நீரோடைமேல் ஜஹாங்கீர் காலத்தில் கட்டப்பட்ட பாராபுல்லா பாலத்துக்கு அகவை கேட்டு எவரும் ரேஷன் அட்டை கோரியதில்லை.

வீடு பெற்றோர்க்கு அது பல காத தூரத்தில் நரேலாவில் அமைந்தது; பிறர் வேறு வேறு இடம் நாடினர். இதனால் திருப்பித் தருதல் விதியில் புதிய இடர்ப்பாடு தோன்றிற்று. நரேலாவுக்குப் போன குண்டானை, ஜங்புராப் பக்கமே தங்கிவிட்ட உடையவர்க்குத் திருப்ப, மேற்கூறிய விதிப்படி அதனுள் அதிரசம் இட்டு, பேருந்து மாறி மாறி மடியில் வைத்துக்கொண்டு வருதல் வேண்டும். வந்தால் அரைநாள் கூலி போம், வாராவிடின் விதி பிறழும். குண்டானுக்கு உடையவரே நரேலா சென்று அங்கேயே விருந்துண்டு வருக என்பது ஒரு தீர்வு. அப்போது விருந்தளிப்பவர் குண்டானுக்கு உடையவரா, குழம்பு வைத்தவரா என்னும் பழைய வழக்கு மீண்டும் எழும் (நரேலா அடுக்ககம், லிப்ட் இயங்காத நாளின் படிக்கட்டு உரையாடல், இரண்டாம் மாடித் திருப்பம், மூச்சு வாங்கிய பின் கூறிய பகுதி).

மூடிகளைப் பற்றித் தனிநூல் எழுதப்படும். மூடியில் எவரும் பெயர் வெட்டுவதில்லையாதலின், ஒவ்வொரு தீபாவளியிலும் மூடி மாறிப் போய், பொருந்தாத மூடியோடு அடுத்த தீபாவளி வரை குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது. அந்நூலுக்கு நிதியுதவி கோரும் விண்ணப்பம் அனுப்பப்பட்டுள்ளது.