விடுதலை ஆகாத ஆள் இருந்தால் அனுப்பவும்

அனுப்புநர்: லேபர் கான்ட்ராக்டர் ஒருவர், அத்திபெலே, ஆனேக்கல் தாலுகா.

பெறுநர்: உயர்திரு தலைமை அதிகாரி அவர்கள், கர்நாடகச் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை, பெங்களூரு.

பொருள்: பயிற்சி பெற்ற ஆட்கள் தேவை – விடுதலை ஆகாதவர்களுக்கு முன்னுரிமை – தொடர்பாக.

ஐயா,

நான் அத்திபெலே தொழிற்பேட்டைக்கும், எல்லை தாண்டி ஓசூர் சிப்காட்டுக்கும் ஆள் கொடுக்கிறவன். தையல், வெல்டிங், பேக்கிங், கேன்டீன் என்று எந்த வேலைக்கு எத்தனை பேர் கேட்டாலும் காலை ஷிஃப்டுக்குள் வண்டி ஏற்றிவிடுவேன். காவிரிச் சண்டை வந்தால் பஸ் நிற்கிற இடம் என்று மட்டுமே எங்கள் ஊரை அறிந்திருந்த தமிழ் டி.வி.க்காரர்கள், 2014 செப்டம்பர் 27-க்குப் பிறகு பரப்பன அக்ரஹாரத்துக்குப் போகிற வழி என்றும் அறிந்துகொண்டார்கள். அன்றைய தமிழக முதல்வர் தங்களிடம் வந்து சேர்ந்த நாள் அது. ஜெயிலுக்குப் போகிற வழியைப் பற்றி இப்படி நிறையப் பேசியாயிற்று. திரும்பி வருகிற வழியைப் பற்றிப் பேசவே இந்தக் கடிதம்.

முதலில் பாராட்டு. சிறையில் பயிற்சி இல்லை என்று சொல்கிறவன் வாய் புழுத்துப் போகும். தையல், தச்சு, நெசவு, பேக்கரி எல்லாம் கற்றுத் தருகிறீர்கள். இக்னோ மூலம் பட்டமே வாங்கலாம். 2023-இல் கூலியையும் உயர்த்தினீர்கள். புதிதாக வேலைக்கு வரும் தண்டனைக் கைதிக்கு நாளுக்கு 524 ரூபாய், கைதேர்ந்தவருக்கு 663 ரூபாய். நாட்டிலேயே இதுதான் அதிகம் என்று பத்திரிகைகள் எழுதின. அதைப் படித்துவிட்டு என் ஆட்கள் இரண்டு பேர், “அண்ணா, அங்கே கான்ட்ராக்டர் கமிஷன் பிடிப்பார்களா?” என்று விசாரித்தார்கள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். 2025-இல் ஆயுள் தண்டனை பெற்ற முன்னாள் எம்.பி. பிரஜ்வல் ரேவண்ணாவுக்குச் சிறை நூலகத்தில் எழுத்தர் வேலை கொடுத்தீர்கள். முன்னாள் பிரதமரின் பேரனுக்கும் கணக்கெழுதிப் புத்தகம் கொடுக்கக் கற்றுத்தர வேறு எந்தத் துறையால் முடியும்? மைசூர் சிறையில் ஹுலுகப்பா கட்டீமனி ஆயுள் கைதிகளை வைத்து மேக்பெத்தின் கன்னட வடிவத்தை மேடையேற்றினார். கொலை செய்து அரியணை ஏறியவனுக்குத் தண்டனை கிடைப்பதெல்லாம் மேடையில்தான் என்றாலும், பயிற்சி பயிற்சிதானே.

இனி என் சங்கடத்துக்கு வருகிறேன். சிறையில் தையல் படித்த ஒருவர் தண்டனை முடிந்து என்னிடம் வேலை கேட்டு வந்தார். தருமபுரிப் பக்கத்து ஆள். பயிற்சி முடித்தவர், நன்னடத்தை உடையவர் என்று கையில் சான்றிதழ். ஒரு சட்டை தைத்துக் காட்டச் சொன்னேன். என்னிடம் இருக்கிற டெய்லர் எவனும் காலரை அவ்வளவு சுத்தமாகப் பிடித்ததில்லை. ஒரு கார்மென்ட் கம்பெனிக்கு அழைத்துப் போனேன். ஹெச்.ஆர். மேடம் சட்டையைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. சான்றிதழைப் பார்த்தார், மலர்ந்தது கூம்பியது. “போலீஸ் வெரிஃபிகேஷன் கொண்டு வாங்க” என்றார்.

கொண்டு போனோம். காவல் நிலையத்தில் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்திருந்தார்கள்: வழக்கு உண்டு, தண்டனை உண்டு. அதில் பொய் ஒன்றும் இல்லை. தண்டனை முடிந்தது என்பதற்கும் அதற்குள் ஒரு தொழில் கற்றார் என்பதற்கும் அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை, அவ்வளவுதான். ஆக, என் மேஜையில் இப்போது இரண்டு காகிதம். இரண்டும் ஒரே அரசாங்கத்தின் காகிதம். கர்நாடக அரசு முத்திரையில் இருக்கிற கண்டபேருண்டப் பறவைக்கு எதற்கு இரண்டு தலை என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. ஒரு தலை, “திருந்திவிட்டான், வேலை கொடு” என்கிறது. மறு தலை, “இவன் யார் தெரியுமா?” என்கிறது. மேடம் இரண்டாம் தலையைத்தான் கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. முதல் தலை சொன்னதை நம்பி நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், அவர் வேலை போகும். தலைக்கு ஒன்றும் ஆகாது.

தண்டனைக் கைதிக்காவது ஒரு காகிதம் இருக்கிறது. விசாரணைக் கைதி கதை இன்னும் மோசம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேருக்குத் தீர்ப்பே வரவில்லை. தீர்ப்பு வராததால் அவர்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது, விரும்பிக் கேட்டால்தான் உண்டு. வேலை இல்லாதவனுக்குக் கூலி இல்லை. ஜாமீன் என்றைக்கு வரும், வாய்தா எத்தனை தள்ளிப்போகும் என்று தெரியாததால் ஆறு மாதப் பயிற்சியில் சேர்த்துக்கொள்ள யாருக்கும் மனம் வருவதில்லை. மூன்று வருடம் கிடந்துவிட்டு நிரபராதி என்று வெளியே வருகிறவனிடம் தொழிலும் இல்லை, சேர்த்துவைத்த கூலியும் இல்லை. அந்த மூன்று வருடம் எங்கே இருந்தாய் என்று கம்பெனியில் கேட்டால் சொல்லத்தக்க பதிலும் இல்லை. எனவே தாழ்மையான யோசனை: நிரபராதி என்று தீர்ப்பானவர்கள் விரும்பினால், பின்தேதியிட்டு ஒரு சின்னத் தண்டனை வழங்கலாம். சலுகைகளுக்குத் தகுதி வந்துவிடும்.

விடுதலைக்குப் பிறகு அரசு கைவிட்டுவிடுகிறது என்று சிலர் புலம்புவதை நான் ஏற்க மாட்டேன். வெளியே வருகிறவனைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று நீதிபதி முல்லா குழு 1983-இல் அறிக்கை கொடுத்தது. மத்திய அரசின் 2016 மாதிரிச் சிறைக் கையேடும் அதையே சொல்கிறது. இவ்வளவு அறிக்கைக்கும் கையேட்டுக்கும் பிறகு தவறாமல் நடந்துவருகிற கவனிப்பு ஒன்று உண்டு. அதற்கு ரவுடி பரேடு என்று பெயர். ஒருமுறை போலீஸின் ரவுடி ஷீட்டில் பெயர் ஏறிவிட்டால் போதும், தேர்தல் வந்தாலும் கணேச சதுர்த்தி வந்தாலும் மறக்காமல் அழைப்பு வரும். வரிசையாக நிற்கவைத்து, “முடியை வெட்டுடா” என்று அக்கறையாகச் சொல்லி, “இப்போ என்ன வேலை பண்றே?” என்றும் விசாரிக்கிறார்கள். “நேத்து வரைக்கும் ஒண்ணு இருந்தது சார். பரேடுக்கு லீவு கேட்டேன், போயிடுச்சு” என்பதுதான் நியாயமான பதில். அதை எவனும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

எல்லோருக்கும் இதே கதி என்று சொன்னால் நாக்கு கூசும். சொத்துக் குவிப்பு வழக்கில் தண்டனை முடிந்து 2021 ஜனவரி 27-ஆம் தேதி விடுதலையான, மேலே சொன்ன முதல்வரின் தோழி வி.கே. சசிகலா, பிப்ரவரி 8 அன்று எங்கள் ஊரைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனபோது பூவும் மேளமும் கார் வரிசையும் பார்க்க வேண்டுமே! மறுவாழ்வு என்றால் அது மறுவாழ்வு. வெரிஃபிகேஷன் கொண்டுவா என்று யாரும் கேட்கவில்லை. உள்ளே அவருக்குத் தனிச் சமையல் நடக்கிறது என்று 2017-இல் அறிக்கை எழுதிய டி.ஐ.ஜி. ரூபாவுக்குத்தான் உடனே போக்குவரத்துப் பிரிவுக்கு மாறுதல் வந்தது. சசிகலாவின் அந்தச் சொத்துக் குவிப்பு வழக்கில் 10 கோடி ரூபாய் அபராதம் கட்டி முடித்தார்கள். அபராதம் கட்ட வழியில்லாமல் உள்ளே கிடக்கும் ஏழைக்கு மத்திய அரசின் 2023 திட்டம் 25,000 ரூபாய் வரை தருகிறது. 2024 ஆகஸ்டில் விசாரணைக் கைதியாக இருந்த கன்னட நடிகர் தர்ஷன் தங்கள் வளாகத்தில் நாற்காலி போட்டு, கையில் சிகரெட்டும் காபிக் கோப்பையுமாக அமர்ந்திருந்த படம் வந்தது. ஹோட்டல் மேனேஜ்மென்ட் வகுப்பும் ஆரம்பித்துவிட்டீர்கள் போல என்று மகிழ்ந்தேன். அவரைப் பெல்லாரிக்கு மாற்றியதும் வகுப்பு நின்றுவிடுமோ என்று கவலைப்பட்டேன். கைதிகள் செல்போனும் டி.வி.யுமாக இருப்பதைக் காட்டி 2025 நவம்பரில் தங்கள் சிறையிலிருந்து வெளியான வீடியோக்கள் என் கவலையைத் தீர்த்துவைத்தன.

என் பிரச்சினைக்கு வழி காட்டியது சென்னைப் புழல் சிறை. அங்கே 2023 ஆகஸ்டில் பெண் கைதிகளே நடத்தும் பெட்ரோல் பங்க் திறந்தார்கள். பெட்ரோல் போடுகிறார்கள், பணம் வாங்குகிறார்கள், மீதிச் சில்லறை கொடுக்கிறார்கள். வண்டிக்காரர்கள் யாரும் அவர்களுடைய பூர்வீகத்தைத் துருவுவதில்லை. அதே பெண் தண்டனை முடிந்து வெளியே வந்து வேறொரு பங்க்கில் போய் வேலை கேட்கட்டும், கல்லாப் பக்கம் விடமாட்டார்கள். இதிலிருந்து நான் கற்ற பாடம்: தண்டனை அனுபவித்துக்கொண்டிருக்கிறவர் நம்பகமானவர், அதை அனுபவித்து முடித்தவர்தான் ஆபத்தானவர்.

ஆகவே கீழ்க்காணும் கோரிக்கைகளைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

1. எனக்குத் தையல், வெல்டிங், பேக்கரி ஆட்கள் தேவை. தயவுசெய்து விடுதலை ஆகாதவர்களாக அனுப்பவும். ஷிஃப்ட் முடிந்ததும் தலை எண்ணி ஒப்படைத்துவிடுகிறேன்.

2. நன்றாகத் தொழில் கற்றவர்களுக்கு விடுதலைத் தேதி நெருங்கினால், அவர்கள் எதிர்காலத்தைக் கருதித் தண்டனையை நீட்டித்துத் தரவும்.

3. ரவுடி பரேடைக் கம்பெனி கேட்டிலேயே, டீ பிரேக்கில் நடத்தினால் லீவு மிச்சமாகும்.

4. இவையெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது என்றால், கேட்கவே கூச்சமான ஒன்று: வெரிஃபிகேஷன் படிவத்தில், “தண்டனை முடித்தார், இன்ன தொழில் கற்றார், அதன்பின் வழக்கு இல்லை” என்று எழுத ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லி, காவல் துறைக்கு ஒரு கடிதம் போடலாமே. இரண்டும் ஒரே உள்துறைக்குக் கீழேதானே இருக்கின்றன!

5. அதுவும் முடியாவிட்டால், என் தருமபுரி டெய்லரைத் தாங்களே எடுத்துக்கொள்ளுங்கள். சிறைத் தையல் கூடத்தில் சொல்லிக்கொடுக்க அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார். இடமும் பழக்கம்.

அரசு வேலைக்கு நன்னடத்தை விசாரணை கட்டாயம், தண்டனை பெற்றவரை எடுக்க விதி இடம் தராது என்று பதில் வரும் என எனக்குத் தெரியும். பரவாயில்லை. அந்தப் பதிலையே துறையின் லெட்டர்ஹெட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். தாங்கள் கொடுத்த சான்றிதழைத் தாங்களே நம்புவதில்லை என்கிற அந்த ஒரு காகிதத்தை மட்டும் எந்தக் கம்பெனி ஹெச்.ஆரும் வெரிஃபிகேஷன் கேட்காமல் ஏற்றுக்கொள்வார்.

இப்படிக்கு,
தங்கள் ஆட்களுக்காகக் காலை ஷிஃப்டில் இடம் பிடித்து வைத்திருக்கும்
அத்திபெலே லேபர் கான்ட்ராக்டர்