பெட்டியை அளந்து அனுப்பவும்

அப்பா, அம்மாவுக்கு, டோக்கியோவிலிருந்து உங்கள் மகன் எழுதுவது.

ஏழே நாளில் டோக்கியோ, கியோத்தோ, ஹிரோஷிமா, சப்போரோ எல்லாம் பார்த்துவிடலாமா என்று அப்பா கேட்டிருந்தார். நவக்கிரகக் கோயில்களை வேனில் சுற்றிவந்த துணிச்சல். சப்போரோ வடக்குத் தீவில் இருக்கிறது. ரயிலிலேயே ஒரு பகல் போய்விடும். அதை மகன் பட்டியலிலிருந்து அடித்துவிட்டான்.

சுற்றுலாப் பயணிகளின் ஏழு நாள் ரயில் பாஸை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து ஒரேயடியாக 50,000 ஆக்கிவிட்டார்கள். அப்பா பதற வேண்டாம், பதறுவதற்கு மகன் இருக்கிறான்.

இனி பெட்டி. டோக்கியோவிலிருந்து ஹிரோஷிமா போகும் புல்லட் ரயிலில், பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. 2020 மே மாதத்திலிருந்து ரயில்வே விதி. தாண்டினால் அதற்கென்று உள்ள இருக்கையை முன்பே பதிய வேண்டும். பதியாமல் ஏறினால் 1,000 யென் தண்டம். ஆகவே அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய அந்த அரக்கு நிறப் பெட்டியை அளக்கவும். டேப்பில் அங்குலப் பக்கம் வேண்டாம். முறுக்கு டப்பா வைத்து மூடியதும் வயிறு புடைக்குமே, அதையும் சேர்க்கவும். அம்மா மேலே உட்கார்ந்திருக்கும்போது எடுத்த அளவு செல்லாது. அம்மா எழுந்ததும் பெட்டியும் எழுந்துகொள்ளும்.

சாப்பாட்டுக் கவலை அம்மாவுக்குத்தான். காய்கறி சூப் என்று கொடுப்பார்கள், உள்ளே காய்ந்த மீன் சீவல் கொதித்திருக்கும். அதனால் கோயாசான் மலைக்கு ஓர் இரவு. 816இல் கூக்காய் என்ற புத்தத் துறவி மடம் கட்டுவதற்காகப் பெற்ற இடம். மடத்திலேயே தங்கலாம், வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்காத சைவச் சாப்பாடு. படுக்கை தரையில். அப்பாவின் மூட்டுவலித் தைலத்தை மறக்க வேண்டாம்.

கியோத்தோவில் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். ஒரு நாள் போதும். மிச்சப்படும் நாளில் ஹிரோஷிமாவுக்கு அந்தப் பக்கம் இவாக்குனி. அப்பாவுக்கு 1673இல் முதலில் கட்டிய ஐந்து வளைவு மரப்பாலம். அம்மாவுக்குப் பாம்பு. உடம்பெல்லாம் வெளுத்து, கண் மட்டும் சிவந்த பாம்புகள், தலைமுறை தலைமுறையாக அப்படியே பிறக்கின்றன. 1924இலேயே அரசு பாதுகாப்பு கொடுத்துவிட்டது. பென்சைத்தென் அம்மனின் தூதர்களாம். அந்த அம்மன் வேறு யாருமில்லை, புத்த மதத்தோடு கடல் தாண்டி வந்த நம் சரஸ்வதி. சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகங்கள் சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வழக்காடிய ஊர்க்காரி இதைப் பார்க்காமல் திரும்பினால் தெருவில் யார் மதிப்பார்கள்?

ஆடியில் மட்டும் வர வேண்டாம். இங்கேயும் புழுக்கம் கொல்லும். தவிர, நம் ஊர்க் கோயிலில் ஆடித் தபசுத் திருவிழா அன்று நீங்கள் இங்கே இருந்தால் மகனுக்கு வீடியோவில் சப்பரத்தைக் காட்ட யார் இருக்கிறார்கள்?

கடைசியாக, ஜப்பானுக்குள் மண் கொண்டுவரத் தடை. நம் ஊர்க் கோயில் புற்றுமண்ணைத் திருநீறு என்று சொல்லிக் கொண்டுவரும் யோசனை அம்மாவுக்கு வருமுன்பே எழுதிவிடுகிறான். இறைச்சிக்கும் தடை. நம் ஊர் சுல்தான் கடைப் பிரியாணி பற்றி அப்பா ஒன்றும் கேட்கவில்லை. அந்த விதியில் ஏதாவது சந்து இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தவன் உங்கள் மகன்தான்.