டார்ட்ஸ் எறிந்தால் அடுப்பெரியுமா?

டார்ட்ஸ் எறிந்து பிழைக்க முடியுமா சார்? (வாசகர், போடிநாயக்கனூர்)

இங்கிலாந்தின் லூக் லிட்லர் வீட்டு அடுப்பு நன்றாகவே எரிகிறது. 2025 ஜனவரியில் உலக சாம்பியன் ஆனபோது வயது 17, பரிசு 5 லட்சம் பவுண்டு. ஆனால் தொழில்முறை டார்ட்ஸ் அமைப்பான பி.டி.சி.யின் சுற்றில் ஆடும் அட்டை உலகம் முழுக்க 128 பேரிடம்தான் இருக்கிறது. அம்பைப் பிடியுங்கள், வேலையை விடாதீர்கள்.

நம் நாட்டுக்காரர் யாராவது ஜெயித்திருக்கிறாரா? (வாசகி, குரங்கணி)

நிதின் குமார்! முன்பு உலகப் போட்டிக்குப் போய் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பியவர். 2025 டிசம்பரில், லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸில் நெதர்லாந்தின் ரிச்சர்ட் வீன்ஸ்ட்ராவை 3-2 என வீழ்த்தினார். உலகப் போட்டியில் இந்தியர் ஒருவர் ஓர் ஆட்டத்தை வென்றது அதுவே முதல் முறை. கிரிக்கெட்டுக்கு வெடி வெடிக்கும் நாம், இவருக்குக் கையாவது தட்ட வேண்டாமா?

ஐம்பதைத் தாண்டிவிட்டேன். இனிமேல் கற்கலாமா? (வாசகர், போடிமெட்டு)

சிங்கப்பூரின் பால் லிம் 1954இல் பிறந்தவர். எழுபதைத் தாண்டியும் உலகப் போட்டி மேடை ஏறினார். 1990 உலகப் போட்டியில் 9 அம்புகளில் 501 புள்ளி ஆட்டத்தை முடித்தவர் அவர். அதற்குக் கிடைத்த பரிசு, அந்த ஆண்டு சாம்பியன் பில் டெய்லர் வாங்கியதைவிட அதிகம்!

பயிற்சிக்கு என்ன வேண்டும்? (வாசகர், முந்தல்)

ஒரு சுவர், அதில் ஒரு பலகை, பலகைக்கும் நீங்கள் நிற்கும் கோட்டுக்கும் நடுவே 2.37 மீட்டர் தரை. பலகையின் நடுப்புள்ளி 1.73 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். எடுக்கும் புள்ளிகளை 501இலிருந்து கழித்துக்கொண்டே போய்ச் சரியாகப் பூஜ்யத்தில் முடிக்க வேண்டும். ஏலக்காய் விலையை மனக்கணக்காகப் போடும் ஊருக்கு இந்தக் கழித்தலா கஷ்டம்?