புத்தகத்துல அப்படி எழுதலியே!

பீடோங்கில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிற மேசை எதுவாக இருந்தாலும், அதில் ஒரு லாயர் அண்ணன் இருப்பார். கோர்ட்டு வாசலை மிதித்தவர் அல்ல. பகலில் சுங்கைப் பட்டாணி பக்கம் ஏர்கோன் சர்வீஸ் பார்ப்பவர். வெள்ளிக்கிழமை மாலை மாமாக் கடையில் தே தாரிக் வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, கெடாவில் இல்லாத ஒரு நீதிமன்றத்தைத் திறந்துவிடுவார்.

அவருக்கு வசனம் ஒன்றுதான்: “புத்தகத்துல அப்படி எழுதலியேலா.”

திறந்த பாத்திரத்தில் 10 காலன் தண்ணீரை வரவழைக்கும் மந்திரம் ஒன்று உண்டு. அரக்கன் வாயைப் பிளந்து கர்ஜித்தான். “வாய் திறந்திருக்கு. நுரையீரலும் பாத்திரந்தான். இல்லன்னு எழுதலியே.” அன்றைக்கு அரைமணி நேரம் அதிலேயே போனது.

ஆனால் அண்ணனின் உச்சம், மறைந்திருப்பவரைக் காட்டும் ‘சீ இன்விசிபிலிட்டி’ மந்திரம்தான். ஒருமுறை அண்ணனின் மந்திரவாதி மாயமாய் மறைந்து நிற்கிறான். எதிரி அந்த மந்திரத்தைப் போட்டுக்கொண்டு அவனை நேருக்கு நேர் முறைக்கிறான். ஆட்டத்தை நடத்துகிற டிஎம் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழக மாணவி. பாவம், பகடையை எடுத்துவிட்டாள்.

“பொறும்மா. அவன் ரெண்டு பகடை உருட்டி, சின்ன எண்ணைத்தான் எடுக்கணும்.”

“அண்ணே, அவன்தான் உங்களப் பார்த்துக்கிட்டே இருக்கானே?”

“தாராளமா பார்க்கட்டும். நான் இன்னும் ‘இன்விசிபிள்’ நிலையிலதான் இருக்கேன். அந்த நிலை போயிடுச்சுன்னு எந்த வரியில இருக்கு? காட்டும்மா.”

2014ஆம் ஆண்டு விதிப் புத்தகத்தில் அப்படி ஒரு வரி இல்லைதான். மறைந்திருப்பவனை அடிக்க வந்தால் பகடை பாதகமாக விழும் என்று ஒரு பக்கம். இந்த மந்திரம் போட்டால் அவன் கண்ணுக்குத் தெரிவான் என்று வேறொரு பக்கம். இரண்டையும் யாரும் முடிச்சுப் போடவில்லை. விதிகளை வகுத்த ஜெரமி கிராஃபர்டே அண்ணன் சொல்வது போலத்தான் விளக்கம் கொடுத்தார். அந்த விளக்கம் அண்ணன் கைபேசியில் நிரந்தரமாக இருக்கிறது. பெண்டாட்டி நம்பரைத் தேடத்தான் அவருக்கு நேரமாகும்.

சில வாரம் கழித்து எதிரி மறைந்தான். இந்த முறை மந்திரம் போட்டது அண்ணன். மாணவி மறக்கவில்லை. “அண்ணே, ரெண்டு பகடை. சின்ன எண்.”

அண்ணன் முகத்தில் அப்படியொரு வேதனை. “ஏம்மா, கண்ணுக்கு முன்னால நிக்கிறவன மறைஞ்சிருக்கான்னு எப்படிச் சொல்றது? எழுத்தையே பிடிச்சுத் தொங்கக்கூடாது. கொஞ்சம் நியாயமா யோசிக்கணும்லா.” யோசிப்பதற்கு வசதியாகப் பையிலிருந்து 2024ஆம் ஆண்டுப் புத்தகம் வெளியே வந்தது. பார்க்க முடிந்தவனிடம் அந்தச் சலுகை செல்லாது என்று அதில் திருத்திவிட்டார்கள். பக்கத்தில் ஏற்கெனவே மஞ்சள் மை.

எதிரி குகைக்குள் இருந்தால் 1978ஆம் ஆண்டுப் புத்தகம் வரும். அதில் ‘ஃபயர்பால்’ நெருப்பு இடத்துக்கு ஏற்றபடி பரவி 33,000 கன அடியை நிரப்பும். குகைக்குள் அண்ணனே இருந்தால், 2014இன் படி 20 அடி ஆரம். அவர் நிற்பது 21ஆவது அடி. பால் நிறுக்க ஒரு தராசு, தன் வீட்டு அரிசிக்கு ஒரு தராசு வைத்திருந்த தோட்டத்துக் கிராணி மறுபிறவி எடுத்து மந்திரவாதியாகிவிட்டார்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். ஹார்வர்ட் தோட்டத்துப் பையன் ஒருவன் புதிதாக ஆட வந்தான். மூன்று புள்ளி உயிர் மிச்சம். குறியே தப்பாத ‘மேஜிக் மிசைல்’ அவனை நோக்கி வருகிறது. பையன் தாளை மடிக்க ஆரம்பித்துவிட்டான். “தம்பி, உன் லிஸ்ட்ல ஷீல்டு இருக்கா? போடு. மிசைல் உன்னைத் தொடாது. எழுதியிருக்கு!” என்றார் அண்ணன். பக்கம் புரட்டவில்லை. அத்தனையும் மனப்பாடம். பையன் பிழைத்தான். அன்று அண்ணனுக்குத் தே தாரிக் என் செலவு.

அதற்காக மற்றதை மன்னிக்க முடியாது. அந்த மாணவி பரீட்சைப் படிப்பை ஒதுக்கிவிட்டு வரைந்து வருகிற கோட்டையில் பாதி அறைகளுக்குள் நாங்கள் நுழைந்ததே இல்லை. மூன்று மணி நேரத்தில் ஒரு கதவு திறக்கிறோம். மிச்ச நேரமெல்லாம் அந்தக் கதவின் தாழ்ப்பாள் ‘பொருளா’, ‘பொருளின் பாகமா’ என்ற விசாரணை. அவள் குரல் வாராவாரம் தணிந்துகொண்டே போகிறது. இது வேடிக்கை இல்லை.

விதிகளை நல்லெண்ணத்தோடு படிக்க வேண்டும் என்று 2024ஆம் ஆண்டின் டிஎம் கையேடே சொல்கிறது. அதையும் அண்ணனிடம் காட்டினோம். “அது டிஎம் புத்தகம்லா. ப்ளேயர் புத்தகத்துல எழுதலியே.”

ஆகவே, இந்த ஆட்டத்தைத் தொடங்கப்போகும் தம்பி தங்கைகளே, முதல் பகடை உருளும் முன் லாயர் அண்ணனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த வருஷத்துப் புத்தகம்? பதிலைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுதாவிட்டால் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.