மைனஸ் 15 டிகிரி கடாட்சம்

மகாகனம் பொருந்திய விளையாட்டுச் சாமான் பேரங்காடி நிர்வாகத்தார் சமுகத்திற்கு, சென்னைவாசியும் தங்கள் கடையின் நெடுநாள் வாடிக்கையாளனுமாகிய அடியேன் அநேக நமஸ்காரங்களுடன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, தங்கள் ‘ரிட்டர்ன்’ கவுண்ட்டருக்கு எதிரே, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஸ்லீப்பிங் பேக் ஒன்றினுள் புகுந்து, ஜிப் மேலே போகாமலும் கீழே வராமலும் மார்புக்கு நேரே சிக்கிக்கொள்ள, இரு கைகளும் உள்ளே அகப்பட்டுத் தரையில் கிடந்த ஒரு பிரஜையைத் தங்கள் கேமராக்கள் பதிவு செய்திருக்குமாயின், அந்தப் பிரஜை அடியேனே. ஜிப் பழுது என்று பையைத் திருப்பிக் கொடுக்க வந்தவனிடம் தங்கள் சிப்பந்தி, “பிராப்ளம் என்னன்னு காட்டுங்க சார்” என்றார். வெறும் பையில் ஜிப் வெகு லாவகமாக ஓடியது. ஆள் உள்ளே இருந்தால்தான் மாட்டுகிறது என்றேன். “அப்போ உள்ளே போய்க் காட்டுங்க” என்றார், காட்டினேன். வரிசையில் நின்ற குழந்தையொன்று, “அம்மா, இந்தத் தாத்தா எவ்வளவு?” என்று விலை விசாரித்தது. செக்யூரிட்டி தோளைப் பிடிக்க, சிப்பந்தி பையின் அடியைப் பிடிக்க, இருவருமாக இழுத்து என்னை வெளியே எடுத்தபின், மேற்பார்வையாளர் வந்து பையை முகர்ந்து பார்த்து, “யூஸ் பண்ணின ஐட்டம் சார், ரிட்டர்ன் கிடையாது” என்று தீர்ப்பளித்தார்.

இத்தனை சாதுரியமான ஒரு நீதி பரிபாலனத்தை நான் எந்த நியாயஸ்தலத்திலும் கண்டதில்லை. குற்றத்தை நிரூபிக்கும் காரியமே குற்றமாகிவிடும்படி சட்டம் இயற்றிய மகான் யாரோ, அவர் திருவடிகளுக்கு என் வந்தனம்.

ஆயினும் நான் எழுத வந்தது ஜிப்பைப் பற்றி மட்டுமன்று. பையின் விளிம்பில் தைத்திருந்த சீட்டில் கம்ஃபர்ட் 5, லிமிட் 0, எக்ஸ்ட்ரீம் மைனஸ் 15 என்று மூன்று உஷ்ணநிலைகள் அச்சிட்டிருக்கின்றன. ஐரோப்பியத் தரவிதி வகுத்த இந்த மூன்றின் தாத்பரியம் இது: 25 வயதும் 60 கிலோ எடையும் 160 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு ஸ்திரீ நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர் முதலாவது, 25 வயதும் 73 கிலோவும் 173 சென்டிமீட்டரும் உள்ள ஒரு புருஷன் முழங்காலை மடக்கிச் சுருண்டு படுத்து ஒருவாறு இரவைக் கழிக்கக்கூடிய குளிர் இரண்டாவது, அதே ஸ்திரீ, விரல் நுனிகள் பனியில் கருகினாலும், ஆறு மணி நேரம் உயிர் பிரியாமல் கிடக்கக்கூடிய குளிர் மூன்றாவது. சௌகரியம், எல்லை, பிராணன் என்று இவற்றை நான் தமிழ்ப்படுத்திக்கொண்டேன். இந்த மூன்றில் பிராணனை மட்டும் தொலைவிலிருந்தே தெரியும் பெரிய இலக்கத்தில் பையின் நெற்றியில் பொறித்து, சௌகரியத்தை மூக்குக் கண்ணாடி போட்டாலும் தேடவேண்டிய பொடி எழுத்தில் உள்ளே ஒளித்துவைத்த தங்கள் அடக்கத்தை என்னென்பது! தன் பெருமையைத் தானே பேசலாகாது என்ற நம் முன்னோர் வாக்கைத் தங்கள் அச்சுக்கூடத்தார் அல்லவா கடைப்பிடிக்கிறார்கள்!

மகளின் வற்புறுத்தலால் வருகிற டிசம்பரில் உத்தராகண்டத்துக் கேதார்கந்தாவுக்கு, சுமார் 12,500 அடி உயரச் சிகரத்துக்கு, நடக்க ஒப்புக்கொண்டவன் நான். மார்கழி விடியலில் காதை மூடிக் குல்லாய் கட்டிக்கொள்ளும் ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு மைனஸ் 10 வரை இறங்கக்கூடிய பனி முகாமில் முதல் இரவு. அதற்கென்று என் சேமிப்பின் சௌகரிய நிலையைத் தாண்டி, எல்லை நிலையில் நின்று, 3,999 ரூபாய் கொடுத்து இந்தப் பையை வாங்கினேன். ஜிப்பைக் குறித்துப் புகார் சொல்லத் தங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தபோது, முதல் கால்மணி நேரம் வாத்திய இசை சௌகரியமாக இருந்தது, அடுத்த கால்மணி எல்லையாயிற்று, அதற்குமேல் பிராணன்.

சீட்டிலுள்ள அந்த மூன்று எண்களைக் கண்டறியும் சோதனையை, மனிதனுக்குப் பதிலாகச் சூடேற்றிய பொம்மை ஒன்றை வைத்துத்தான் செய்கிறார்களாம். பொம்மைக்குக்கூட முழுநீள உள்ளாடை போட்டு, காலுறை மாட்டி, அடியில் மெத்தை விரித்துத்தான் படுக்கவைக்கிறார்கள். நான் மெத்தை கேட்டபோது தங்கள் சிப்பந்தி ஊதா நிறத்தில் ஒரு யோகா பாயைச் சுருட்டிக் கையில் கொடுத்தார். உடம்பின் பாரத்தில் பையின் அடிப்பஞ்சு நசுங்கிக் காற்றில்லாமல் தகடாகிவிடும் என்பதும், ஆகையால் கீழிருந்து ஏறும் பனியின் குளிரைத் தடுப்பது மெத்தையே என்பதும், ‘ஆர்’ என்ற எண் போட்ட பாய்கள் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக விரித்தால் அவற்றின் தடுப்புச்சக்தி கூடிவரும் என்பதும், மலைக்குப் போய்வந்த மகளின் சிநேகிதி சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது. பனியின்மேல் சிரசாசனம் செய்ய எனக்கு உத்தேசமில்லை என்பதைத் தங்கள் சிப்பந்திக்குத் தெரிவித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பனிப் பிரிவின் வாசலில் நிற்கும் தங்கள் அலங்காரப் பொம்மைக்குப் பருத்தி ஹூடி அணிவித்திருக்கிறீர்கள். வியர்வையைக் குடித்துவிட்டு உலராமல் மேலோடு ஒட்டிக்கிடக்கும் பருத்தி, ஏற்றத்தில் நடந்து களைத்தவன் நின்ற மாத்திரத்தில் அவனை நடுங்கவைக்கும் என்பதைப் பொம்மை அறியாது. அது எங்கும் நடப்பதில்லை. பூட்ஸ், கணுக்காலை மூடும் கெய்ட்டர், பனியில் வழுக்காமல் பூட்டிக்கொள்ளும் ஸ்பைக் ஆகிய எல்லாவற்றையும் சொந்தமாக வாங்கினாலன்றி மலை என்னை ஏற்காது என்றும் உபதேசித்தீர்கள். அவை யாவும் மலையடிவாரத்துச் சாங்ரி கிராமத்தில் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. திருப்பூரில் பின்னிய தெர்மல் உள்ளாடை, நடைபாதையில் திபெத்தியர் விரித்த கடையில் ஒரு கம்பளிச் சட்டை, அதன்மேல் காற்றும் ஈரமும் புகாத ஒரு மேலங்கி, நனைந்தால் மாற்றிக்கொள்ள இரண்டாவது ஜோடிக் காலுறையும் கையுறையும்: ஓர் ஏழைக்குப் பனிக்கான உடுப்பு இவ்வளவில் அடங்கிவிடும். இதைச் சொன்னால் தங்கள் வியாபாரம் எல்லை நிலைக்கு வந்துவிடும் என்ற தயக்கத்தால் மறைத்தீர்கள் போலும்.

ஒன்று மட்டும் வேடிக்கையில்லாமல் கேட்கிறேன். கல்லூரியில் படிக்கிற பையன், அப்பாவிடம் கெஞ்சி வாங்கிய பணத்தோடு உங்கள் கடைக்கு வருகிறான். மைனஸ் 15 என்று பெரிதாகப் பார்க்கிறான். மலையில் மைனஸ் 10 தானே என்று நம்பி வாங்கிப்போய்ப் படுக்கிறான். இரவு முழுக்க நடுங்குவான். விரல் மரத்துப்போகும். அதற்கு மேலும் நேரலாம். வெயிலில் வளர்ந்த அவனுக்கு அந்த எண்ணின் பொருள் தெரியாது, உங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் அதைப் பெரிதாக அச்சிடுகிறீர்கள். விலை உயர்ந்த பைகளுக்கு மட்டும் சௌகரிய எண்ணை முன்னால் போடுகிறீர்களே, அது ஏன்? பணம் உள்ளவனுக்குத் தூக்கம், இல்லாதவனுக்கு உயிர் மட்டும் போதும் என்றா? இதற்குப் பெயர் வியாபாரமன்று, வஞ்சனை.

அபசாரம், அபசாரம்! க்ஷமிக்க வேண்டும். சற்றே சௌகரிய நிலையைக் கடந்துவிட்டேன். தங்களைப் போன்ற தர்மப் பிரபுக்களைக் குறித்து இவ்வாறு எழுதும்படி என் கையைத் தூண்டியது அன்று பைக்குள் அகப்பட்டிருந்தபோது அதில் ஏறிய மரமரப்பேயன்றி வேறில்லை.

ஆகவே சமுகத்தின் திருவுளத்துக்கு மூன்று பிரார்த்தனைகள். சௌகரியத்தின் இலக்கம் பிராணனின் இலக்கத்தளவு பெரிதாக அச்சாக வேண்டும். பனிக்குப் போகிறேன் என்று ஒருவன் சொன்னால், பைக்கு முன் பாயைப் பற்றிப் பேசும்படி சிப்பந்திகளுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும். மூன்றாவதாக, அடியேனுடைய 3,999 ரூபாயைத் திருப்பித் தரவேண்டும். ரசீதின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். மேற்பார்வையாளர் பெரிய மனது பண்ணி, பணத்துக்குப் பதில் கிஃப்ட் கூப்பன் தரலாம் என்று புறப்படுகையில் சொன்னார். ரொக்கமாகவே வேண்டும், கூப்பனைப் போர்த்திக்கொண்டு பனியில் படுக்க முடியாது.

இங்ஙனம்,
தங்கள் கடாட்சத்தின் எல்லை நிலையில் நிற்கும்
ஒரு வாடிக்கையாளன்